வீலின் முதுகில் எழுதியிருப்பது

பழைய கார் வீல் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் பார்ப்பது அதன் முகத்தைத்தான். எத்தனை ஆரம், கறுப்பா வெள்ளியா, நடு மூடியில் கம்பெனிச் சின்னம் இருக்கிறதா. நானும் அப்படித்தான் ஒரு செட் வாங்கினேன். நாலும் ஒரிஜினல், ஒரு கீறல் கூட இல்லை. ஐந்து போல்ட்டும் தடையில்லாமல் ஏறின. வேகம் எண்பதைத் தாண்டியதும் ஸ்டியரிங் கையில் நடுங்க ஆரம்பித்தது. பேலன்சிங் பார்த்தார்கள், சரியாக இருந்தது. அலைன்மென்ட்டும் சரி. டயரை மாற்றிப் போட்டும் நடுக்கம் போகவில்லை. கடைசியில் ஒரு மெக்கானிக் வீலைக் கழற்றித் தரையில் குப்புறப் போட்டு, நடு ஓட்டைக்குள் விரலை விட்டுச் சுற்றிக் காட்டினார். காரின் ஹப், அதாவது வீல் உட்காரும் நடு உருளை, 57.1 மி.மீ. வீலின் நடு ஓட்டை 66.6 மி.மீ. ஹப்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வெற்றிடம். அந்த வீல் ஒரிஜினல்தான், ஆனால் வேறொரு காருக்கு ஒரிஜினல்.

கம்பெனி வீல் என்று நாம் சொல்லும்போது ஏதோ ஒரு தர முத்திரையைச் சொல்வது போல நினைத்துக்கொள்கிறோம். அந்தச் சொல்லுக்குப் பொருள் அதைவிடக் குறுகலானது. ஒரு குறிப்பிட்ட காரின் எடை, பிரேக், சஸ்பென்ஷன், ஹப் ஆகியவற்றைக் கணக்கில் வைத்து அளவெடுத்துச் செய்த பாகம் அது. அந்தக் கணக்கு முழுவதும் வீலின் பின்பக்கத்தில் எழுத்தும் எண்ணுமாக வார்த்திருக்கும். சேற்றைத் துடைத்துவிட்டுப் படிக்கத் தெரிந்தால் போதும்.

யார் செய்கிறார்கள்?

அதற்கு முன் சொல் ஒன்றைச் சரிசெய்துகொள்வோம். பேச்சில் ரிம் என்றாலும் வீல் என்றாலும் நமக்கு ஒன்றுதான். வீல் செய்கிறவர்களுக்கு அப்படி இல்லை. டயர் உட்காரும் வெளி வளையம் மட்டுமே ரிம். நடுவில் ஹப்போடு சேரும் பகுதி டிஸ்க். அலாய் வீலில் அதுதான் ஆரங்களாக விரிகிறது. ஸ்டீல் வீலைத் திருப்பிப் பார்த்தால் இந்தப் பிரிவு கண்ணுக்கே தெரியும். தகட்டைச் சுருட்டிப் பற்றவைத்த வளையம் தனி, அச்சில் அழுத்தி எடுத்த டிஸ்க் தனி, இரண்டையும் சேர்த்த வெல்டிங் நடுவில்.

பெரும்பாலான கார் கம்பெனிகள் அலாய் வீலைத் தாங்களே வார்ப்பதில்லை. ஜெர்மனியின் போர்பெட், சுவிட்சர்லாந்தின் ரோனல், ஜப்பானின் என்கெய், சீனாவின் சிட்டிக் டிகாஸ்டல் போன்ற நிறுவனங்கள் வார்த்துக் கொடுக்கின்றன. இவற்றில் சில தங்கள் சொந்தப் பெயரிலும் கடைகளுக்கு வீல் அனுப்புகின்றன. அப்படியானால் கம்பெனி வீலுக்கும் அவர்கள் கடைக்கு அனுப்பும் வீலுக்கும் என்ன வித்தியாசம்? கார் கம்பெனிக்குப் போவது ஒரு மாடலுக்காக, அந்தக் கம்பெனி கொடுத்த அளவுப்படி செய்தது. கடைக்குப் போவது பெரும்பாலும் பல கார்களுக்குப் பொருந்தும்படி செய்தது. அதனால்தான் அதன் நடு ஓட்டை பெரிதாக இருக்கும். வாங்குகிற காருக்கு ஏற்ற வளையத்தை உள்ளே போட்டு இடைவெளியை அடைத்துக்கொள்ள வேண்டும். நல்ல தயாரிப்பாளர் செய்த கடை வீலில் குறை ஒன்றும் இல்லை. பொருத்தம் பார்க்கும் வேலைதான் கார் கம்பெனியின் கையிலிருந்து நம் கைக்கு வந்துவிடுகிறது.

அலாய் வீல் அழகுக்காகப் பிறந்ததும் இல்லை. 1924இல் லியோன் நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்துக்கு புகாட்டி டைப் 35 வந்தபோது அதன் சக்கரங்கள் வார்ப்பு அலுமினியம்: எட்டுத் தட்டையான ஆரங்கள், பிரேக் டிரம்மும் சக்கரத்தோடே சேர்ந்தது. எடையைக் குறைப்பதும் பிரேக்கின் சூட்டை வெளியேற்றுவதும்தான் நோக்கம். 1966இல் போர்ஷ் 911 எஸ் மாடலுக்கு ஃபுக்ஸ் நிறுவனம் ஐந்து இதழ் கொண்ட ஃபோர்ஜ்டு (வார்க்காமல் அழுத்தி உருவாக்கிய) அலுமினிய வீலைச் செய்து கொடுத்தது. சாலையில் ஓடும் காருக்கும் தொழிற்சாலையிலேயே இலகுவான வீல் வரலாம் என்பதைப் பலருக்குக் காட்டிய வீல் அது.

எண்களைப் படிப்பது

சரி, வீலைத் திருப்புவோம். ஒரு ஆரத்தின் பின்புறம் 6.5ஜே×16 எச்2 ஈ.டி.45 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

16 என்பது அங்குலத்தில் விட்டம். டேப் வைத்து ஓரத்திலிருந்து ஓரம் வரை அளந்தால் 17 அங்குலத்துக்கு மேல் காட்டும். பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். விட்டம் அளக்கப்படுவது டயரின் பீடு, அதாவது ரிம்மைக் கவ்வும் அதன் தடித்த உள் ஓரம், உட்காரும் இடத்தில். அதற்கு மேலே இரண்டு பக்கமும் விளிம்பு சுமார் 17 மி.மீ. எழுந்து நிற்கிறது. 6.5 என்பது அந்த இரண்டு விளிம்புகளுக்கு நடுவே உள்ள உள் அகலம். ஜே என்பது ஜப்பானைக் குறிப்பதாகச் சிலர் சொல்வார்கள். அது விளிம்பின் வடிவத்துக்கு வைத்த எழுத்து, அவ்வளவுதான். எச்2 என்றால் பீடு உட்காரும் இடத்துக்கு உள்பக்கமாக இரண்டு சிறிய மேடுகள் இருக்கின்றன என்று பொருள். காற்றுக் குறைந்த டயரோடு வளைவில் திரும்பும்போது பீடு நழுவி நடுப் பள்ளத்தில் விழாமல் தடுப்பவை இந்த மேடுகள். டியூப்லெஸ் டயர் நம்பி ஓடுவது இவற்றை வைத்துத்தான்.

ஈ.டி. என்பதில் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஐன்பிரஸ்டீஃபே என்ற ஜெர்மன் சொல்லின் சுருக்கம்; நாம் ஆஃப்செட் என்கிறோம். ரிம்மின் அகலத்துக்கு நட்ட நடுவே ஒரு கோடு போட்டால், ஹப்போடு ஒட்டும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்பதுதான் அது. 45 என்றால் 45 மி.மீ. வெளியே. எண் குறையக் குறைய வீல் காருக்கு வெளியே தள்ளிக்கொண்டு வரும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கம்பெனி கொடுத்தது 6.5 அங்குல அகலம், ஈ.டி.45. அகலம் 165.1 மி.மீ.; பாதி 82.55. இதில் 45 போக, ஹப் முகத்திலிருந்து வெளி விளிம்பு வரை 37.55 மி.மீ. இதற்குப் பதிலாக 7.5 அங்குலம், ஈ.டி.35 வீலைப் போடுகிறோம். பாதி 95.25, 35 போக 60.25 மி.மீ. ஆக வெளி விளிம்பு கிட்டத்தட்ட 23 மி.மீ. வெளியே வந்துவிட்டது. உள்பக்கமும் 2.7 மி.மீ. சஸ்பென்ஷனை நெருங்கியிருக்கிறது. ஒரு அங்குல அகலம், பத்து மில்லிமீட்டர் ஆஃப்செட் என்று வாயால் சொல்லும்போது சின்ன மாற்றமாகத்தான் தெரிகிறது.

நிற்கும் காரில் அந்த 23 மி.மீ. பார்க்க நன்றாகவே இருக்கும், சக்கரம் ஃபெண்டருக்குச் சமமாக வந்து நிற்கும். ஆனால் ஆள் ஏறி, லக்கேஜ் ஏறி, பள்ளத்தில் இறங்கும்போது டயர் ஃபெண்டரின் உள் விளிம்பில் உரசும். வீல் பேரிங்கின் மேல் விழும் நெம்புகோல் விசை கூடும். ஸ்டியரிங் திரும்பும் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுப்பகுதிக்கும் உள்ள தூரம் மாறிவிடுவதால், பிரேக் போடும்போதும் ஒரு பக்கச் சக்கரம் குழியில் இறங்கும்போதும் ஸ்டியரிங் முன்பைவிட அதிகமாக இழுக்கும். காரை வடிவமைத்தவர்கள் இந்தத் தூரத்தை மில்லிமீட்டர் கணக்கில் பார்த்து வைத்திருப்பார்கள்.

அடுத்தது பி.சி.டி., அதாவது போல்ட் ஓட்டைகளின் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டம். 5×112 ஃபோக்ஸ்வேகன், ஆடி, மெர்சிடிஸ் கார்களில் பரவலாக உள்ளது. 5×114.3 பல ஜப்பானிய, கொரியக் கார்களுக்கு. 114.3 என்ற விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? நாலரை அங்குலத்தை 25.4ஆல் பெருக்கிப் பாருங்கள். ஐந்து ஓட்டை வீலில் அடுத்தடுத்த இரண்டு ஓட்டைகளின் மையத்துக்கு நடுவே உள்ள தூரம் 114.3க்கு 67.2 மி.மீ., 112க்கு 65.8 மி.மீ. வித்தியாசம் 1.4 மி.மீ. கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. 4×100க்கும் 4×98க்கும் இதே கதை. போல்ட் கொஞ்சம் சாய்ந்து ஏறிக்கொள்ளும், இறுகியது போலவும் தோன்றும், ஆனால் அதன் தலை ஒரு பக்கமாக மட்டுமே அழுந்தியிருக்கும். ஓட ஓட அது தளரும்.

நடு ஓட்டையைப் பற்றி என் கதையிலேயே சொல்லிவிட்டேன். ஃபோக்ஸ்வேகன் கார்களில் 57.1, டொயோட்டாவின் சிறிய கார்களில் 54.1, ஹோண்டாவின் பெரிய கார்களில் 64.1 என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கம்பெனி வீல் பொதுவாக ஹப்பின் மேல் கச்சிதமாக உட்காரும். வீலை மாட்டும்போதே அது நடுவில் வந்துவிடும். ஓட்டை சிறிதாக இருந்தால் வீல் ஏறாது, பிரச்சினை அங்கேயே முடிந்தது. பெரிதாக இருந்தால்தான் சிக்கல், ஏறிவிடும்.

நட் உட்காரும் குழியை யாரும் பார்ப்பதே இல்லை. மூன்று வகை உண்டு: கூம்பு, பந்து, தட்டை. ஹோண்டாவின் கம்பெனி வீல்கள் பந்து வடிவ இருக்கை கொண்டவை. டொயோட்டாவின் பல பழைய அலாய்கள் தட்டை வாஷர் வைத்த நட்டுக்குச் செய்தவை. கடையில் கிடைக்கும் வீல்களில் பெரும்பாலானவை 60 டிகிரி கூம்பு. பந்துக் குழியில் கூம்பு நட்டை இறுக்கினால் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும்தான் உலோகமும் உலோகமும் தொடும். இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் கிளிக் என்று சொல்லிவிடும், ஆனால் பிடி இருக்காது. மரையும் ஒத்துப்போக வேண்டும். ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் 12 மி.மீ. ஸ்டட்டிலேயே நிசான், சுசுகி, சுபாரு கார்களுக்கு மரை இடைவெளி 1.25 மி.மீ.; டொயோட்டா, ஹோண்டா, ஹூண்டாய்க்கு 1.5. மாற்றிப் போட்டால் இரண்டு சுற்று ஏறிவிட்டு அப்புறம் மரையைத் தின்றுவிடும்.

இதோடு சேர்ந்த ஒரு தவறான எண்ணம்: காரின் எடையை அந்த நாலைந்து போல்ட்டுகள்தான் தாங்குகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். போல்ட்டின் வேலை வீலை ஹப்பின் மேல் அழுத்திப் பிடிப்பது. அப்படி அழுத்தப்பட்ட இரண்டு முகங்களுக்கும் நடுவே உண்டாகும் உராய்வுதான் சுமையைத் தாங்குகிறது. அதனால்தான் அந்த முகம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். துருத் தூளோ தடித்த பெயின்ட்டோ நடுவில் இருந்தால், நாளடைவில் அது நசுங்கி, இறுக்கம் தானாகக் குறையும்.

சுமை, சோதனை, உலை

பின்பக்கத்தில் இன்னொரு எண் உண்டு: அந்த வீல் தாங்கும் அதிகபட்சச் சுமை, கிலோவில். காரின் ஒரு அச்சுக்கு அனுமதித்த எடை 1,200 கிலோ என்றால் ஒரு வீல் குறைந்தது 600 தாங்க வேண்டும். மின்சாரக் கார்கள் வந்த பிறகு இந்த எண்ணுக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. பேட்டரி ஏறியதால் அதே அளவுள்ள பெட்ரோல் காரைவிட எடை அதிகம். பி.சி.டி., ஆஃப்செட், நடு ஓட்டை எல்லாம் ஒத்துப்போய், சுமை எண் மட்டும் குறைவாக உள்ள வீல்கள் உண்டு.

அந்த எண் சோதித்துப் போட்டது. ஐ.எஸ்.ஓ. 7141 என்ற தரநிலையில் அலாய் வீலின் சுழல் அச்சு செங்குத்திலிருந்து 13 டிகிரி சாயும்படி அதைப் படுக்கவைத்து, 230 மி.மீ. உயரத்திலிருந்து ஒரு பாரத்தை அதன் விளிம்பில் விழவிடுகிறார்கள். பாரத்தின் எடை, வீலின் அதிகபட்சச் சுமையில் 60 சதவீதத்தோடு 180 கிலோ. 600 கிலோ வீலுக்கு 540 கிலோ. விளிம்பு நெளியலாம், அது தோல்வி இல்லை. நடுப்பகுதியில் விரிசல் விட்டாலோ, நடுப்பகுதி ரிம்மை விட்டுப் பிரிந்தாலோ, ஒரு நிமிடத்துக்குள் காற்று முழுவதும் போய்விட்டாலோ தோல்வி. இதைத் தவிர வளைவுகளில் வரும் அழுத்தத்தைப் போலச் செய்து பல லட்சம் சுற்று சுற்றவிடும் களைப்புச் சோதனை இருக்கிறது. அந்தச் சோதனைக்கு விசையைக் கணக்கிடும் சூத்திரத்திலேயே ஆஃப்செட்டும் ஓர் உறுப்பு.

ஜே.டபிள்யூ.எல். என்ற முத்திரை ஜப்பானின் அலாய் வீல் தரநிலையைக் குறிக்கும். அதைத் தயாரிப்பாளரே சோதித்துப் போட்டுக்கொள்ளலாம். பக்கத்தில் வி.ஐ.ஏ. என்றும் இருந்தால் வெளி அமைப்பு ஒன்று சரிபார்த்துப் பதிவு செய்திருக்கிறது. ஐக்கிய நாடுகள் விதி எண் 124 மாற்று வீல்களை வகைப்படுத்தும்போது, கார் கம்பெனியின் வீலைப் போலவே நகலெடுத்த வீலுக்கென்றே ஒரு தனிப் பிரிவு வைத்திருக்கிறது. நகல் என்றாலே சட்டவிரோதம் என்று இல்லை. முகத்தை மட்டும் நகலெடுத்து, சோதனையைத் தாண்டாமல் கடைக்கு வருவதுதான் ஆபத்து. அப்படிப்பட்ட வீலைத் திருப்பினால் முதுகு பெரும்பாலும் வெறுமையாக இருக்கும்: சுமை எண் இல்லை, பாக எண் இல்லை, வார்த்தவர் குறி இல்லை.

உலோகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலான கம்பெனி அலாய்கள் ஏ356 வகை: அலுமினியத்தோடு சுமார் 7 சதவீதம் சிலிக்கன், மிகக் கொஞ்சம் மெக்னீசியம். உருகிய உலோகத்தைக் கீழிருந்து குறைந்த காற்றழுத்தத்தில் அச்சுக்குள் ஏற்றுகிறார்கள். மேலிருந்து ஊற்றினால் கலங்கிக் காற்றுக்குமிழி சேரும். பிறகு எக்ஸ்ரே. அதன் பின் டி6 எனப்படும் வெப்பப் பதம்: 540 டிகிரிக்கு அருகில் சில மணி நேரம் வைத்து, தண்ணீரில் சட்டென்று குளிரவைத்து, மறுபடி 150 டிகிரியை ஒட்டி மெதுவாகச் சூடாக்குவது. வீலின் வலிமையில் பெரும் பங்கு இந்தப் பதத்தில்தான் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் பதம் போட்ட வீலும் போடாத வீலும் ஒன்றுபோலவே இருக்கும்.

வளைந்த அலாயை வாயு விளக்கால் சூடாக்கி அடித்து நிமிர்த்துவதை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான். சூடு பட்ட இடத்தில் பதம் கெடுகிறது. வீல் வட்டமாகிவிடும், பேலன்சிங் மெஷினில் தேறிவிடும், அந்த இடம் மட்டும் முன்னைவிட மென்மையாக இருக்கும். ஆரத்திலோ போல்ட் ஓட்டையைச் சுற்றியோ விரிசல் விட்டதைப் பற்றவைத்துத் தருகிறவர்களும் உண்டு. அந்த வீல் உருக்கத்தான் போக வேண்டும். ஸ்டீல் வீல் இந்த விஷயத்தில் பொறுமைசாலி. பள்ளத்தில் இடித்தால் உடையாமல் வளையும். கனம், அழகு குறைவு என்று அதை ஒதுக்குகிறோம். ஆனால் ஒரு பெரிய 19 அங்குல அலாய், 15 அங்குல ஸ்டீலைவிடக் கனமாக இருப்பது சாதாரணம். அலாய் என்ற பெயர் மட்டும் எடையைக் குறைத்துவிடாது.

பெரிய வீல் போட ஆசை என்றால் கம்பெனியே அதே மாடலுக்குக் கொடுக்கும் மேல் வகை வீலைப் பார்ப்பது நல்ல வழி. 205/55 டயரோடு (அகலம் 205 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 55 சதவீதம்) 16 அங்குலம் என்றால் மொத்த விட்டம் 631.9 மி.மீ. அதே காரின் மேல் வகைக்கு 225/45 டயரோடு 17 அங்குலம் கொடுத்தால் 634.3. வித்தியாசம் இரண்டரை மில்லிமீட்டர் கூட இல்லை. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, வீல் ஆர்ச்சில் உரசாது. ஆனால் டயரின் பக்கச் சுவர் 113 மி.மீ.யிலிருந்து 101 ஆகக் குறைந்துவிட்டது. குழியில் இறங்கும்போது விழும் அடி இனி ரிம்முக்குச் சீக்கிரம் எட்டும்.

பழைய கம்பெனி வீலை வாங்கும்போது நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் உள்விளிம்பு. வெளியிலிருந்து தெரியாத அந்த உள் ஓரத்தில்தான் பள்ளங்கள் அடையாளம் விட்டுப் போகும். நகத்தை வைத்து முழு வட்டமும் தடவினால் நெளிவு தட்டுப்படும். மயிரிழை விரிசலுக்கு வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். வாரத்துக்கு வாரம் காற்றுக் குறைந்து, டயரில் ஆணியும் இல்லை என்றால் முதல் சந்தேகம் அங்கேதான். அடுத்து வார்ப்புத் தேதி. பல வீல்களில் மாதங்களைச் சுற்றிலும் ஆண்டை நடுவிலும் காட்டும் சிறிய வட்டக் குறி இருக்கும். நாலில் ஒன்று மட்டும் பல ஆண்டு பிந்தியதாக இருந்தால் அது பிற்பாடு மாற்றப்பட்டது, ஏன் மாற்றினார்கள் என்று விற்பவரிடம் கேட்கலாம். முகத்தைக் கடைசல் பிடித்துப் பளபளப்பாக்கிய டைமண்ட் கட் வீல் என்றால் தெளிபூச்சுக்கு அடியில் வெள்ளைப் புழு ஊர்ந்தது போன்ற கோடுகளைத் தேடுவேன். கல் பட்ட சின்ன ஓட்டை வழியாக ஈரம் நுழைந்து பரவியது அது. மறுபடி கடைசல் பிடிக்கலாம். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உலோகம் போகும், ஆகவே எத்தனை முறையும் செய்ய முடியாது.

புதிதாகப் பெயின்ட் அடித்து வந்த வீல் என்றால் முன்பக்கத்தைப் பார்ப்பதற்கு முன் ஹப் முகத்தையும் நட் குழிகளையும் பார்ப்பேன். தொழிற்சாலையில் அங்கே பூச்சு அளவோடு இருக்கும். பட்டறையில் பெரும்பாலும் எல்லா இடத்தையும் ஒன்றுபோலப் பூசிவிடுகிறார்கள். அந்தத் தடிப்பை எடுத்துவிட்டு, ஹப்பின் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, வீலைக் கையால் வைத்து ஆட்டிப் பார்ப்பேன். நடு ஓட்டை சரியாக இருந்தால் ஹப்பில் உட்காரும்போது ஒரு மெல்லிய டொக் சத்தம் கேட்கும், அதன் பின் பக்கவாட்டில் அசையாது. நட்டுகளை நட்சத்திர வரிசையில், காரின் கையேட்டில் சொன்ன டார்க்கில் இறுக்குவேன். பல பயணிகள் கார்களுக்கு அது 100 முதல் 120 நியூட்டன் மீட்டர். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை ரெஞ்ச் வைத்துப் பார்ப்பேன்.